ஐ.சி.யை எடுக்கும்போது போர்டைக் காப்பது எப்படி? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கப்படும் எஸ்.எம்.டி. வகை ஐ.சி.க்களை, அதாவது சிறு மின்சுற்றுச் சில்லுகளை, கழற்றுவது பற்றித் தொடர்ந்து கேள்விகள் வருகின்றன. இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எல்.இ.டி. டிவி மெயின் போர்டில் உள்ள 25கியூ64 வகை எட்டுக்கால் ஃப்ளாஷ் ஐ.சி.யைக் கழற்றி, சாஃப்ட்வேர் ஏற்றி, மீண்டும் வைக்க வேண்டியிருக்கிறது. என்னிடம் 25 வாட் சால்டரிங் அயர்ன் மட்டுமே உள்ளது. முயன்ற போர்டுகளில் ஐ.சி.யின் காலோடு பேடும் சேர்ந்து பெயர்ந்து வந்துவிடுகிறது. எங்கே தவறுகிறேன்? – திண்டுக்கல் வாசகர்

பதில்: பேடு பெயர்வதற்கு அதிகச் சூடுதான் காரணம் என்று பலரும் எண்ணுகிறார்கள். சூட்டுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் எல்லாக் கால்களிலும் உள்ள பற்றாசு (சால்டர்) உருகுவதற்கு முன்பே ஐ.சி.யை நெம்புவதுதான் பெரும்பாலான போர்டுகளைக் கெடுக்கிறது. பேடு என்பது ஐ.சி.யின் கால் பற்றவைக்கப்படும், பெரும்பாலும் 35 மைக்ரான் அளவே தடிமன் கொண்ட செப்புத் தகடு. கண்ணாடி இழையும் எபாக்சி பிசினும் சேர்ந்த எஃப்.ஆர்.4 பலகையின்மேல் அது ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. சாதாரண எஃப்.ஆர்.4 பலகையின் பிசின் 130 முதல் 140 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடுகிறது. சால்டர் உருகுவதோ அதற்கும் மேலே: வெள்ளீயம் 63 பங்கும் ஈயம் 37 பங்கும் கலந்த பழைய சால்டர் 183 டிகிரியிலும், இன்றைய போர்டுகளில் உள்ள ஈயமில்லாத சால்டர் 217 டிகிரியை ஒட்டியும் உருகும். ஆகவே நீங்கள் சால்டரை உருக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பேடைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிசின் ஏற்கெனவே வலுவிழந்துதான் இருக்கிறது. அந்த நேரத்தில் ஏழு கால்கள் உருகி ஒரு கால் மட்டும் உருகாமல் இருந்து, நீங்கள் ட்வீசரால் நெம்பினால், உங்கள் விசை முழுவதும் அந்த ஒரு பேடின்மேல் இறங்குகிறது. டிராக் (போர்டில் ஓடும் செப்புத் தடம்) எதனுடனும் சேராமல் தனித்து நிற்கும் பேடுகளைப் பிடித்துவைக்க அக்கம்பக்கத்துச் செம்பு இல்லாததால், அவைதான் முதலில் பெயரும்.

எனவே ஐ.சி.யை இழுத்து எடுக்கவே கூடாது. எல்லாக் கால்களும் ஒரே நேரத்தில் உருகி, ஐ.சி. சால்டரின்மேல் மிதக்கும் நிலையை உண்டாக்கிய பிறகு, அதை மெல்ல நகர்த்தி அப்புறப்படுத்த வேண்டும். நான் சொல்லப்போகும் எல்லா முறைகளும் அந்த நிலையை அடைவதற்கான வழிகளே.

அதற்கு முன், ஐ.சி.யை எடுத்தேதான் ஆக வேண்டுமா என்று பாருங்கள். எட்டுக்கால் ஃப்ளாஷ் ஐ.சி.யின் கால்களைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு போர்டில் இருந்தபடியே பல ஐ.சி.க்களைப் படிக்கவும் எழுதவும் முடியும். போர்டில் உள்ள பிற சுற்றுகள் குறுக்கிட்டுச் சில நேரங்களில் இது பலிக்காது. ஆனாலும் முதலில் முயல்வதில் இழப்பு இல்லை. உங்கள் ஐ.சி. 3.3 வோல்ட்டில் இயங்குவதா, 1.8 வோல்ட்டில் இயங்குவதா என்பதை அதன் எண்ணைக் கொண்டு உறுதிசெய்த பிறகே, அதில் எழுதும் புரோகிராமர் கருவியை இணையுங்கள். கிளிப்பில் எழுதினாலும் சரி, கழற்றி எழுதினாலும் சரி, பழைய உள்ளடக்கத்தைப் படித்துச் சேமிக்காமல் அழிக்க வேண்டாம். அந்தப் போர்டுக்கே உரிய பேனல் விவரங்களும் வரிசை எண்ணும் அதில் இருக்கக்கூடும். அழிந்தால் வேறெங்கும் கிடைக்காது.

எடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் மின்சாரம். பிளக்கைப் பிடுங்கிவிட்டதோடு வேலை முடிவதில்லை. பவர் சப்ளையின் முதன்மைக் கெபாசிட்டரில், நம் வீட்டு 230 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்ச அளவான சுமார் 325 வோல்ட் தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நன்கு காப்பிடப்பட்ட வயர்களில் இணைத்து, அந்தக் கெபாசிட்டரின் இரு முனைகளிலும் சில விநாடிகள் வைத்து, பின் மல்டிமீட்டரில் அளந்து பார்த்துவிட்டுத் தொடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி பறக்கவிடும் வழக்கத்தை யாரும் பின்பற்ற வேண்டாம். அதன் பிறகு, முதல் கால் எந்தப் பக்கம் என்பது தெளிவாகத் தெரியும்படி ஐ.சி.யைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் அயர்ன். வாட் குறைந்த அயர்ன் போர்டுக்குப் பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது உண்மைக்கு மாறானது. ஊசிமுனை கொண்ட 25 வாட் அயர்ன், செப்புப் பரப்போடு சேர்ந்த கிரவுண்டு காலில் பட்டவுடன் சூட்டை இழந்துவிடுகிறது. சால்டர் உருகும்வரை நீங்கள் நெடுநேரம் அழுத்திப் பிடிக்கிறீர்கள்; அந்த நேரமும் அழுத்தமும்தான் பேடைக் கெடுக்கின்றன. சூட்டைக் கட்டுப்படுத்தக்கூடிய 60 வாட் அளவிலான சால்டரிங் ஸ்டேஷனில், உளி போன்ற தட்டை முனையைப் பொருத்தி, 350 டிகிரி அளவில் வைத்து விரைவாக வேலையை முடிப்பதே போர்டுக்கு நல்லது. முதல் வாங்குதலாக அதைத்தான் பரிந்துரைப்பேன்.

அந்த அயர்னைக் கொண்டு இப்படிச் செய்யலாம். கால்களின் இரு வரிசைகளிலும் சால்டர் நன்றாகப் பரவ உதவும் ஜெல் ஃப்ளக்ஸைத் தாராளமாகத் தடவுங்கள். ஈயம் கலந்த சாதாரண சால்டரை ஒவ்வொரு வரிசைமேலும் கால்கள் ஒன்றோடொன்று இணையும் அளவுக்கு ஏற்றுங்கள். போர்டில் உள்ள ஈயமில்லாத சால்டரோடு இது கலக்கும்போது உருகுநிலை குறைகிறது. சூட்டைத் தேக்கிவைக்கும் அளவும் கூடுகிறது. அயர்ன் முனையை ஒரு வரிசையின்மேல் நீளவாக்கில் ஓட்டி, உடனே மறு வரிசைக்கு மாற்றி, மீண்டும் முதல் வரிசைக்கு வாருங்கள். ஒரு பக்கம் உறைவதற்குள் மறுபக்கம் உருகும்படி இது மாறி மாறி நடக்க வேண்டும். சிறிது நேரத்தில் ஐ.சி. தானாக வழுக்கும், அப்போது அயர்ன் முனையாலேயே பக்கவாட்டில் தள்ளிவிடலாம். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள வெறும் செப்புக் கம்பியைச் செவ்வகமாக வளைத்து, இரு வரிசைக் கால்களையும் தொடும்படி வைத்து, அதன்மேல் சால்டரை ஏற்றினால் சூடு இரு பக்கமும் ஒரே சீராகப் பரவும். இந்த எளிய உபாயத்தைப் பல மெக்கானிக்குகள் அறிந்திருந்தும் பயன்படுத்துவதில்லை.

பிஸ்மத் கலந்த, குறைந்த சூட்டில் உருகும் சிறப்புச் சால்டரும் விற்கிறது. வெள்ளீயமும் பிஸ்மத்தும் மட்டும் கலந்த வகை 138 டிகிரியில் உருகும். கழற்றுவதற்கென்றே செய்யப்படும் கலவைகள் அதற்கும் கீழே உருகுகின்றன. இதை ஏற்றினால் கால்கள் பல விநாடிகள் உருகிய நிலையிலேயே நிற்கும் என்பதால், தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இதுவே மிகவும் பாதுகாப்பான வழி. ஆனால் ஐ.சி. வெளிவந்தபின் இந்தச் சால்டரைச் சிறிதும் மிச்சம் வைக்காமல் துடைத்தெடுத்தாக வேண்டும். பிஸ்மத், ஈயம், வெள்ளீயம் மூன்றும் சேர்ந்தால் சுமார் 96 டிகிரியிலேயே உருகும் கலவை உருவாகக்கூடும். சூடாகும் பாகத்தின் காலில் அது தங்கினால் ஓடும்போதே இணைப்பு இளகிவிடும்.

ஐ.சி.யை எடுத்தபின் பேடுகளைச் சமன்செய்ய, சால்டரை உறிஞ்சும் செப்புப் பின்னலான டீசால்டரிங் விக் போதும். விக்கில் ஃப்ளக்ஸ் தடவி, அயர்னை அதன்மேல் வைத்து, சால்டர் ஏறியதும் விக்கையும் அயர்னையும் ஒன்றாகத் தூக்குங்கள். அயர்னை முதலில் எடுத்தால் விக் பேடோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை இழுத்தால் பேடும் வரும். விக்கைப் பேடுகளின்மேல் தேய்க்கவும் கூடாது. எஞ்சிய ஃப்ளக்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கும்போது அயர்னையும், சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கருவியையும் தள்ளிவையுங்கள். அது எளிதில் தீப்பற்றக்கூடியது.

கேள்வி: புதிதாக ஹாட் ஏர் ஸ்டேஷன் வாங்கியிருக்கிறேன். ஒருவர் 300 டிகிரி என்கிறார், ஒருவர் 450 என்கிறார். எதை வைப்பது? ஒருமுறை ஐ.சி. வந்துவிட்டது, ஆனால் பக்கத்தில் இருந்த கனெக்டர் உருகிவிட்டது. – சேலம் வாசகர்

பதில்: இருவரும் தத்தம் கருவிக்கு உண்மையைச் சொல்லியிருக்கக்கூடும். திரையில் தெரியும் எண், கருவிக்குள்ளே ஹீட்டர் அருகில் அளக்கப்படும் சூடு, உங்கள் ஐ.சி.யின் காலில் உள்ள சூடு அன்று. காற்று வெளிவரும் நாசிலின் அகலம், காற்றின் வேகம், நாசிலுக்கும் போர்டுக்கும் இடையே உள்ள தூரம், போர்டுக்குள் மறைந்திருக்கும் செப்புப் பரப்பின் அளவு ஆகிய நான்கும் சேர்ந்தே அதை முடிவுசெய்கின்றன. தூக்கி எறிந்த பழைய போர்டு ஒன்றை எடுத்து, 350 டிகிரியும் நடுத்தரக் காற்றும் வைத்து, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே நாசிலைப் பிடித்து, எட்டுக்கால் ஐ.சி. எவ்வளவு நேரத்தில் நகர்கிறது என்று பாருங்கள். உங்கள் கருவிக்கு உரிய அளவை அந்தப் பயிற்சியில்தான் கண்டறிய முடியும். சில மல்டிமீட்டர்களோடு வரும், சூட்டை அளக்கும் தெர்மோகப்புள் கம்பியை ஐ.சி.யின் அருகே சூடு தாங்கும் பாலிஇமைடு டேப்பால் ஒட்டி அளந்தால் இன்னும் தெளிவாகப் புரியும். ஈயமில்லாத சால்டருக்கென வடிவமைக்கப்பட்ட சிறு ஐ.சி.க்கள் பொதுவாக 260 டிகிரிவரை சிறிது நேரம் தாங்கும்படி சோதிக்கப்படுகின்றன. சால்டர் உருக 217 தேவை என்னும்போது, உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி நாற்பது டிகிரிக்கு அருகில்தான். 450 டிகிரிக் காற்றை ஒரே இடத்தில் நிறுத்துபவர் அந்த இடைவெளியைத் தெரியாமலே தாண்டிவிடுகிறார்.

இதற்கான சரியான விடை முன்சூடு. போர்டின் அடிப்பக்கத்திலிருந்து 100 முதல் 150 டிகிரிவரை மெதுவாகச் சூடேற்றும் பிரீஹீட்டர் இருந்தால், மேலிருந்து தர வேண்டிய சூடு மிகவும் குறைந்துவிடும், போர்டும் வளையாது. அது இல்லாதவர்கள், நாசிலைச் சற்று உயரத்தில் பிடித்து, ஐ.சி.யைச் சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் ஒரு நிமிடம் அல்லது அதற்குச் சற்று மேல் வட்டமாக வருடிச் சூடேற்றிவிட்டு, பிறகு நெருங்குங்கள். சூடு விநாடிக்குச் சில டிகிரிக்கு மேல் ஏறாமல் இருக்க வேண்டும். அதைவிட விரைந்தால், பக்கத்தில் உள்ள செராமிக் கெபாசிட்டர்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அத்தகைய கெபாசிட்டர் அன்று வேலை செய்யும். சில மாதங்களுக்குப் பின் ஷார்ட் ஆகி, வேறொரு பழுதாக உங்களிடமே திரும்பி வரும்.

ஐ.சி. நகரத் தயாரா என்பதை அறிய ஒரே நம்பகமான சோதனை இது: ட்வீசர் முனையால் அதன் பக்கத்தை மிக மெல்லத் தொட்டுத் தள்ளுங்கள். எல்லாக் கால்களும் உருகியிருந்தால் ஐ.சி. சற்றே நகர்ந்து, சால்டரின் பரப்பு இழுவிசையால் தன் இடத்துக்கே திரும்பி வரும். அதைக் கண்டபின், நேர் மேலாகத் தூக்குங்கள். நகரவில்லையென்றால் இன்னும் பொறுங்கள், விசையைக் கூட்டாதீர்கள். எடுத்தபின் போர்டு தானாக ஆறட்டும். ஊதுவதோ, ஈரத்துணி வைப்பதோ கூடாது.

கனெக்டரைப் பற்றிக் கேட்டீர்கள். தொடங்குவதற்கு முன்பே, ஐ.சி.யைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பாகங்களையும் சிறு பாகங்களையும் பாலிஇமைடு டேப்பால் மூடி, பெரிய கனெக்டரின்மேல் அலுமினியத் தாளையும் சுற்றிவிடுங்கள். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் மிக அருகில் இருந்தால் மறைப்பதைவிட முதலிலேயே கழற்றிவைப்பது மேல். சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி அது வெடிக்கலாம். நாணய வடிவ லித்தியம் செல்லும், மொபைல் பேட்டரியும் போர்டில் இருக்கும்போது ஹாட் ஏரை இயக்கவே வேண்டாம்.

கேள்வி: 64 கால்கள் கொண்ட ஐ.சி. கெட்டுவிட்டது என்பது உறுதி. கால்களைப் பிளேடால் வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார் நண்பர். சரியா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: வேலையைத் தொடங்கும் முன் முடிவுசெய்ய வேண்டியது, பிழைக்க வேண்டியது ஐ.சி.யா, போர்டா என்பதே. உங்கள் நேர்வில் போர்டு மட்டும் பிழைத்தால் போதும் என்பதால் வெட்டுவது தவறான யோசனை அன்று. ஆனால் வெட்டும் முறை முக்கியம். 1.27 மில்லிமீட்டர் இடைவெளியில் கால்கள் உள்ள 8, 14, 16 கால் ஐ.சி.க்களில், நுனி கூரிய சைடு கட்டரால் ஐ.சி.யின் உடலை ஒட்டி ஒவ்வொரு காலாக நறுக்கலாம். பிறகு எஞ்சிய துண்டுகளை அயர்னால் ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், நறுக்கப்படும் துண்டு தெறிக்கும்.

உங்கள் 64 கால் ஐ.சி.யில் இடைவெளி பெரும்பாலும் 0.5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கட்டரின் முனை அங்கே நுழையாது. பிளேடால் அறுப்பவர்கள், கால் அறுபடும் கணத்தில் பிளேடு வழுக்கி அடியில் உள்ள டிராக்கைக் கீறிவிடுவதைத் தடுக்க முடிவதில்லை. பிளேடின் அழுத்தம் காலின் வழியே பேடுக்கும் செல்கிறது. ஆகவே நண்பரின் யோசனையை இந்த ஐ.சி.க்கு ஏற்க மாட்டேன். நான்கு பக்கமும் ஃப்ளக்ஸ் தடவி, ஹாட் ஏரில் எடுங்கள். அல்லது நான்கு பக்கமும் பிஸ்மத் கலவையை ஏற்றி அயர்னால் சுற்றிவாருங்கள். ஐ.சி. கெட்டுவிட்டதால் அதன் உடல் சூடாவதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. போர்டைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும்.

கேள்வி: மொபைல் போன்களில் உள்ள பி.ஜி.ஏ. ஐ.சி.க்களையும் இதே முறையில் எடுக்கலாமா? – ஈரோடு வாசகர்

பதில்: வேண்டாம். பி.ஜி.ஏ.வின் இணைப்புகள் அதன் அடியில் சால்டர் உருண்டைகளாக மறைந்திருக்கின்றன. பல போன்களில் அடியில் பசையும் ஊற்றப்பட்டிருக்கும். பிரீஹீட்டர், நுண்ணோக்கி, உருண்டைகளை மறுபடி பதிக்கும் ஸ்டென்சில், அருகிருந்து கற்பிக்கும் ஒருவர் ஆகிய நான்கும் இல்லாமல் வாடிக்கையாளரின் போனில் தொடங்காதீர்கள். கால்கள் வெளியே நீளாமல், ஓரப் பேடுகளோடு அடியின் நடுவில் பெரிய பேடு ஒன்றும் கொண்ட கியூ.எஃப்.என். வகையில் முதலில் பழகுங்கள். அயர்ன் அந்த அடிப்பேடை எட்டாது என்பதால் அதற்கும் ஹாட் ஏரும் முன்சூடும் வேண்டும்.

கேள்வி: பேடு பெயர்ந்துவிட்டால் போர்டை எறிந்துவிட வேண்டியதுதானா? – காரைக்குடி வாசகர்

பதில்: இல்லை. முதலில் அந்தக் கால் எங்கே செல்கிறது என்று பாருங்கள். ஐ.சி.யின் விவரத்தாளான டேட்டாஷீட்டில் இணைப்பற்றது என்று குறிக்கப்பட்ட காலாக இருந்தால், பழுதுபார்க்கவே தேவையில்லை. இணைப்புள்ள காலென்றால், பேடிலிருந்து புறப்பட்ட டிராக்கைப் பின்தொடர்ந்து, அது சேரும் ரெசிஸ்டரையோ, துளை இணைப்பையோ, சோதனைப் புள்ளியையோ கண்டறியுங்கள். பேடுக்கு அருகிலேயே டிராக் மிச்சமிருந்தால், அதன்மேல் உள்ள பச்சை மேற்பூச்சைக் கத்தி நுனியால் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லச் சுரண்டி, செம்பு தெரிந்ததும் சால்டர் பூசி, 0.1 மில்லிமீட்டர் எனாமல் கம்பியை அங்கிருந்து ஐ.சி.யின் காலுக்கு இழுக்கலாம். கம்பியை யு.வி. மாஸ்க் (புற ஊதா ஒளியில் உறையும் பூச்சு) அல்லது எபாக்சியால் போர்டோடு பதித்துவிடுங்கள். காற்றில் தொங்கும் கம்பி அதிர்வில் அறுந்துவிடும். பல அடுக்குப் போர்டில் பேடின் அடியிலேயே துளை இணைப்பு இருந்து, அதுவும் சேர்ந்து பெயர்ந்திருந்தால், அந்தத் தடம் சேரும் மறுமுனையைத் தேடுவது ஒன்றே வழி. ஃப்ளாஷ் ஐ.சி.யைப் போல வேகமான சிக்னல் செல்லும் கால்களுக்குக் கம்பியை எவ்வளவு குட்டையாக இழுக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக இழுங்கள்.

கேள்வி: பொறியியல் மாணவன். காயலான் கடைப் போர்டுகளிலிருந்து ஐ.சி.க்களை எடுத்துப் புராஜெக்டுக்குப் பயன்படுத்த விரும்புகிறேன். பெயின்ட் உரிக்கும் ஹீட் கன்னால் மொத்தமாக உதிர்க்கலாமா? சிலர் தோசைக்கல்லில் வைத்தே எடுக்கிறார்கள். – திருச்சி வாசகர்

பதில்: தோசைக்கல் வேண்டாம், எடுத்தால் அது மீண்டும் சமையலறைக்குப் போகக்கூடாது. சூடான எபாக்சியிலிருந்தும், அதில் கலந்துள்ள தீத்தடுப்பு வேதிப்பொருள்களிலிருந்தும் கிளம்பும் புகை கேடானது. போர்டு நிறம் மாறிக் கருகத் தொடங்கினால் நீங்கள் எல்லை மீறிவிட்டீர்கள் என்று பொருள். பெயின்ட் ஹீட் கன் 500 டிகிரிக்கு மேலும் செல்லும். அதன் காற்று பரந்து வீசும் என்பதால் சிறு பாகங்கள் பறந்துவிடும். திறந்த வெளியில், குறைந்த அளவில் வைத்து, எறியப்போகும் போர்டில் மட்டும் பயன்படுத்தினால் பாதகமில்லை. போர்டைக் கவிழ்த்துத் தட்டி உதிர்க்க வேண்டாம். உருகிய சால்டர் காலிலும் முகத்திலும் தெறிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐ.சி.யின் கருப்பு உடல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆண்டுக்கணக்கில் கிடந்த போர்டைத் திடீரென்று சூடாக்கினால், அந்த ஈரம் உள்ளேயே ஆவியாகி, சோளப்பொரி போல ஐ.சி.யை உப்பவைத்து உள்ளே பிளவு உண்டாக்கும். வெளியே ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். தொழிற்சாலைகளில் இதற்காக ஐ.சி.க்களை 125 டிகிரியில், அவற்றின் பருமனைப் பொறுத்துச் சில மணி நேரம் முதல் இரண்டு நாள்வரைகூட உலர்த்துகிறார்கள். பிளாஸ்டிக் கனெக்டரும் கெபாசிட்டரும் உள்ள பழைய போர்டை அவ்வாறு உலர்த்துவது எளிதன்று. ஆகவே மெதுவாக முன்சூடு தருவது உங்களுக்கு இன்னும் அவசியமாகிறது. அப்படி எடுத்த ஐ.சி.யையும் சோதித்துப் பார்க்காமல் முக்கியமான புராஜெக்டில் வைக்காதீர்கள். மிச்சமாகும் போர்டுகளை எரிக்கவோ குப்பையில் போடவோ வேண்டாம். பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: என் மகன் வீட்டிலேயே இந்த வேலையைச் செய்கிறான். அந்தப் புகையில் ஈயம் இருக்கிறதா? வீட்டில் மூன்று வயதுப் பேத்தி இருக்கிறாள். – தஞ்சாவூர் வாசகி

பதில்: உங்கள் கவலை நியாயமானது, அம்மா. ஈயம் கொதிப்பது 1,749 டிகிரியில். சால்டரிங் செய்யும் 350, 400 டிகிரியில் அது ஆவியாவது மிக மிகக் குறைவு. நீங்கள் பார்க்கும் புகை பெரும்பாலும் ஃப்ளக்ஸில் உள்ள பைன் மரப் பிசின் எரிவதால் வருவது. அதற்காக அது தீங்கற்றது என்று எண்ண வேண்டாம். தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு அது ஆஸ்துமாவை உண்டாக்குவதும், ஏற்கெனவே உள்ளதைக் கூட்டுவதும் நன்கு அறியப்பட்ட செய்தி. ஈயமில்லாத சால்டருக்கு மாறினாலும் ஃப்ளக்ஸ் புகை இருக்கவே செய்யும். சிறிய மின்விசிறியைப் புகையை இழுத்துச் சன்னலுக்கு வெளியே தள்ளும்படி வைக்கச் சொல்லுங்கள்.

ஈயம் உடலுக்குள் செல்லும் முதன்மையான வழி கை. சால்டரைத் தொட்ட கையால் சாப்பிடுவதும், மேசையில் சிதறிய துணுக்குகள் தரைக்கு வந்து குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போவதும்தான் அஞ்ச வேண்டியவை. சிறு குழந்தையின் உடல் பெரியவர்களுடையதைவிடக் கூடுதலாக ஈயத்தை உறிஞ்சுகிறது. வளரும் மூளையை அது பாதிக்கிறது. எனவே அந்த வேலை சாப்பாட்டு மேசையிலோ குழந்தை விளையாடும் அறையிலோ நடக்கக் கூடாது. கதவு மூடக்கூடிய தனி இடம், துடைத்தெடுக்க எளிதான விரிப்பு, முடிந்ததும் ஈரத்துணியால் துடைப்பது, குழந்தையைத் தூக்கும் முன் சோப்பால் கைகழுவி மேல்சட்டையை மாற்றுவது ஆகியவற்றை மகனிடம் கட்டாயமாகச் சொல்லுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், தூசி கிளம்பும். பயன்படுத்திய விக் துண்டுகளையும் சால்டர் துணுக்குகளையும் மூடியுள்ள டப்பாவில், பேத்தியின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். மகனின் சால்டரிங் அயர்ன் மூன்று முள் பிளக் உடையதா என்பதையும், அந்த அறையின் பிளக் பாயின்டில் எர்த் உண்மையாகவே இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் ஓர் எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள். எர்த் இல்லாத அயர்னில் கசியும் மின்சாரம் ஐ.சி.யையும் கெடுக்கும், தொடுபவரையும் தாக்கும்.